சியோல்: வியாழன் முதல் செவ்வாய் வரை

வியாழன்: இஞ்சியோன், ஹோங்டே

கொரிய நாடகங்களில் ஊறியவர்களுக்கு முதல் அரை மணி நேரம் சியோல் பழகிய ஊர்தான். சாய்வான சந்து, மொட்டைமாடி அறை, இரவெல்லாம் விளக்கெரியும் கடை, எல்லாம் அப்படியே இருக்கும். அப்புறம் காபிக் கோப்பையைப் பிடித்தபடி பஸ்ஸில் ஏறப் போனால் டிரைவர் கையை நீட்டித் தடுப்பார். சிந்தக்கூடிய கோப்பையோடு நகரப் பேருந்தில் ஏறுவதற்கு 2018 முதல் தடை. நாடகத்தில் இதெல்லாம் வராது. இந்தப் பயணக் குறிப்பு அந்த வராத பக்கத்தைப் பற்றியது. கே-பாப் பாட்டும் நட்சத்திரங்களும் உண்டு, ஆனால் அவர்களைச் சுற்றியிருக்கும் ஏற்பாடுகள் வழியாகத்தான் வருவார்கள்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை சில. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். கே-ஈட்டா என்கிற இணைய அனுமதி விசா தேவைப்படாத நாட்டவருக்கானது. அதை இந்தியருக்கு வாங்கித் தருவதாகச் சொல்லும் தளங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மின் வருகை அட்டையை இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. மின்சாரம் 220 வோல்ட். உருண்டையான இரட்டை முள் பிளக் நுழையும், நம்மூர் மூன்று முள் நுழையாது.

சிம் வாங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டேட்டா மட்டும் தரும் இ-சிம் மலிவு, ஆனால் அதில் 010-இல் தொடங்கும் உள்ளூர் எண் கிடைக்காது. இங்கே போன் எண்தான் பாதி அடையாள அட்டை. உணவக வரிசைக்குப் பெயர் கொடுக்கும் வாசல் திரை முதலில் கேட்பதே அதைத்தான். எண்ணைத் தட்டிவிட்டு எங்காவது உலாவலாம், முறை வந்ததும் செய்தி வரும். எண் இல்லாதவர் கதவருகே நின்றாக வேண்டும். அதனால் அழைப்பு வசதியுள்ள சிம்மே நல்லது. அது இருந்தும் சில செயலிகள் திறக்காது, ஏனென்றால் அவை எண்ணோடு பதிவான பெயரையும் வதிவிட எண்ணையும் சரிபார்க்கும். பயணியால் அதைத் தாண்ட முடியாது.

இஞ்சியோன் விமான நிலைய ரயிலில் இரண்டு வகை. விரைவு வண்டி இடையில் எங்கும் நிற்காமல் சியோல் நிலையத்துக்குப் போகும். ஹோங்டே பக்கம் தங்குபவர் அதில் ஏறினால் காசும் கூடுதல், திரும்பி வரவும் வேண்டும். எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி ஒரு மணி நேரத்துக்குள் ஹோங்டேக்கான ஹோங்கிக் பல்கலைக்கழக நிலையத்தில் இறக்கிவிடும். பயண அட்டையான டி-மணி கார்டை எந்தக் கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் வாங்கலாம், பணம் ஏற்ற ரொக்கமாகவே தயாராக வைத்திருங்கள். கார்டு வைத்து ஏறினால் சியோல் மெட்ரோவின் அடிப்படைக் கட்டணம் 2025 ஜூன் முதல் 1,550 வோன். மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு 30 நிமிடத்துக்குள் மாறினால் இன்னொரு அடிப்படைக் கட்டணம் கிடையாது, இரவு 9 மணிக்கு மேல் ஒரு மணி நேரம் வரை அவகாசம். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் கார்டைத் தட்ட வேண்டும். தட்ட மறந்தால் அந்தச் சலுகை போச்சு.

வழி தேட நேவர் மேப் அல்லது காக்காவோ மேப். துல்லியமான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அரசு நெடுங்காலம் இடம் தராததால், நடந்து போகும் வழியில் கூகுள் மேப் இங்கே கைகொடுத்ததில்லை.

வெள்ளி: யோஇடோ

வெள்ளி மாலை கே.பி.எஸ். தொலைக்காட்சியின் மியூசிக் பேங்க் நேரலை. வியாழன் எம்நெட், சனி எம்.பி.சி., ஞாயிறு எஸ்.பி.எஸ். என்று வாரக் கடைசி முழுக்க இதேபோன்ற பாட்டு நிகழ்ச்சிகள்தான். புதுப் பாட்டு வெளியிட்ட குழு இவற்றில் அடுத்தடுத்து மேடையேறும். முதலிடம் யாருக்கு என்பதை டிஜிட்டல் விற்பனை, ஆல்பம் விற்பனை, ஒளிபரப்பான தடவை, வாக்கு ஆகியவற்றைக் கலந்து கணக்கிடுகிறார்கள். கலவை விகிதம் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வேறு. எதில் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று ரசிகர்களுக்கு மனப்பாடம்.

நேரலை என்று பெயர், ஆனால் பல குழுக்களின் ஆட்டம் அன்று விடியற்காலையிலேயே படமாகியிருக்கும். இதை ‘சானோக்’ என்பார்கள், முன்கூட்டிய ஒளிப்பதிவு. ஒரே பாட்டு மூன்று நான்கு தடவை ஓடும். முன்னால் கத்துவதற்கு ரசிகர்கள் வேண்டும், அதற்குத்தான் ஆள் எடுக்கிறார்கள். ஒன்றிரண்டு நாள் முன்னால் குழுவின் ரசிகர் செயலியில் அறிவிப்பு வரும். விண்ணப்பித்துத் தேர்வானால் வரிசை எண் கிடைக்கும். கொண்டுவர வேண்டியவை: ரசிகர் மன்ற உறுப்பினர் அட்டை, அதிலுள்ள பெயரோடு பொருந்தும் பாஸ்போர்ட், புது ஆல்பம், அதிகாரபூர்வ லைட்ஸ்டிக் (கச்சேரியில் ஆட்டும் கைவிளக்கு), பாட்டைக் காசு கொடுத்துத் தரவிறக்கியதற்கான ரசீது. எல்லாம் இருப்பவர் முதலில் உள்ளே போவார், ஒன்று குறைந்தால் பின்வரிசை. வெளிநாட்டார் அதிகம் மாட்டிக்கொள்வது அந்த ரசீதில்தான், ஏனென்றால் மெலன் போன்ற கொரியத் தளங்களில் கணக்குத் திறக்கவே உள்ளூர் அடையாளச் சரிபார்ப்பு வேண்டும். உறுப்பினர் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள். செல்லப் பெயரில் பதிந்தவர்கள் வாசலிலிருந்தே திரும்புகிறார்கள். அழைத்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் எண் செல்லாது. அழைப்பு அதிகாலை மூன்று மணிக்கும் இருக்கலாம், மெட்ரோ ஓடாத நேரம். டாக்சிக் காசைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

உள்ளே போகாதவர்களுக்கு வெளியே வேடிக்கை உண்டு. காலையில் பாடகர்கள் காரிலிருந்து இறங்கி நடந்து வருவதைப் படமெடுக்க வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் நிற்கும். பெரிய லென்ஸும் மடக்கு ஏணியுமாக முன்னால் நிற்பவர்களில் பலர் பத்திரிகைக்காரர்கள் அல்ல, ரசிகர்கள். ஒரே ஒருவரை மட்டும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்து வெளியிடுபவர்கள். அவர்கள் பிடித்து வைத்த இடத்தில் போய் நிற்காதீர்கள்.

இங்கிருந்து நடக்கும் தூரத்தில் நாடாளுமன்றம். 2024 டிசம்பர் 3 இரவு அன்றைய அதிபர் யூன் சோக் யோல் அறிவித்த ராணுவச் சட்டத்தை உறுப்பினர்கள் சில மணி நேரத்தில் வாக்களித்து முறியடித்ததும், டிசம்பர் 14 அன்று 204 வாக்குகளோடு அவர்மீதான பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியதும் இங்கேதான். அந்த நாட்களில் இந்தச் சாலைகளில் நின்றவர்கள் மெழுகுவத்திக்குப் பதில் லைட்ஸ்டிக் பிடித்திருந்தார்கள். கேர்ல்ஸ் ஜெனரேஷன் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிமுகப் பாட்டைக் கோஷமாகப் பாடினார்கள். வர முடியாதவர்கள் அக்கம்பக்கத்துக் கஃபேக்களில் முகம் தெரியாதவர்களுக்காக நூறு காபிக்கு முன்பணம் கட்டி வைத்தார்கள். உலகம் இதைப் பார்த்து வியந்தது. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு எண் வாங்கி, உறைபனியில் மணிக்கணக்காக நின்று, ஒரே தாளத்தில் கோஷம் போட்டுப் பழகிய கூட்டம் அது. புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை.

மாலையில் ஹான் ஆற்றங்கரை. இங்குள்ள கடை வாசலில் ராம்யோன் நூடுல்ஸ் சமைக்கும் இயந்திரம்தான் பிரபலம். கடையில் பாக்கெட்டும் அதற்கான தகட்டுக் கிண்ணமும் வாங்குங்கள். பாக்கெட்டைப் பிரித்து நூடுல்ஸ், மசாலா இரண்டையும் கிண்ணத்தில் போட்டு அடுப்பின் நடுவில் வையுங்கள். கிண்ணத்திலோ ரசீதிலோ இருக்கும் பார்கோடைக் காட்டினால் வெந்நீர் தானாக ஊற்றிச் சுமார் நான்கு நிமிடம் கொதிக்கும். கிண்ணம் ஓரமாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் வேகும், மறுபக்கம் கட்டியாக நிற்கும். முட்டை முழுதாக வேக வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே உடைத்து ஊற்றுங்கள், கரு இளகலாக வேண்டுமென்றால் கடைசி ஒரு நிமிடத்தில். எடுக்கும்போது விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், அடியில் கை வைத்தால் சுடும். மிச்சக் குழம்பைக் குப்பையில் கொட்டக் கூடாது. அதற்கென்று வடிகட்டியோடு தனி வாளி இருக்கும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான ராம்யோன் மசாலாவில் மாட்டிறைச்சிச் சாறு உண்டு, பாக்கெட்டில் காய்கறிப் படம் இருந்தாலும். ஒட்டோகி நிறுவனத்தின் சேஹ்வாங் முழுச் சைவம், ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது.

சனி: ஹப்ஜோங், சோங்சு

பாடகரின் பிறந்தநாளை அவர் இல்லாமலேயே கொண்டாடுவது ஒரு தொழில் மாதிரி வளர்ந்திருக்கிறது. ரசிகர் ஒருவரோ சிறு குழுவோ ஒரு கஃபேயை இரண்டு மூன்று நாள் பேசி எடுத்துச் சுவர் முழுக்கப் படம் ஒட்டுவார்கள். காபிக் கோப்பைக்கு மாட்டும் அட்டை உறையை அச்சடிப்பார்கள். ஒரு பானம் வாங்கினால் அந்த உறையும் ஓரிரு அட்டைகளும் இலவசம். ஹோங்டே, ஹப்ஜோங் சந்துகளில் இவை அடர்த்தி. முதல் 30 பேருக்கு, 50 பேருக்கு என்று தனிப் பரிசு வைப்பார்கள். அது வேண்டுமென்றால் கடை திறக்குமுன் போக வேண்டும், மதியம் போனால் வெறும் உறைதான். எந்தக் கஃபேயில் யாருக்கு என்பது எக்ஸ் தளத்தில் கொரிய எழுத்தில் தேடினால்தான் சிக்கும். உறையைத் தட்டையாக, கசங்காமல் கவரிலிட்டுத் தருவார்கள், காபி வெறும் கோப்பையில் வரும். உறையைக் கேட்டு வாங்கிக் கோப்பையில் மாட்டி நனைத்துவிட்டால் பக்கத்து மேசைப் பெண்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

ஆல்பம் விற்பனையின் சூட்சுமமும் இந்தப் பக்கத்துக் கடைகளில் தெரியும். ஒவ்வொரு ஆல்பத்திலும் உறுப்பினர் ஒருவரின் போட்டோகார்டு இருக்கும், யாருடையது என்று பிரித்தால்தான் தெரியும். அதைவிடப் பெரிய தூண்டில், பாடகர்கள் நேரில் கையெழுத்துப் போடும் சந்திப்பு. ஒரு கடையில் குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கும் ஒவ்வொரு ஆல்பமும் ஒரு குலுக்கல் சீட்டு. ஒன்று வாங்கியவரும் கலந்துகொள்ளலாம் என்பது ஏட்டில். நடப்பில், புகழ்பெற்ற குழுவுக்கு ஆளுக்கு நூறுக்கு மேலும் வாங்குகிறார்கள். அதனால்தான் கடை மூலையில் பிரித்த ஆல்பங்கள் அட்டைப்பெட்டியில் அநாதையாகக் கிடக்கின்றன. எடுத்துக்கொள்ளலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பெரும்பாலும் தலையாட்டுவார்கள். போட்டோகார்டு கைமாற்றி வாங்கும்போது விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்க்க வேண்டும். கீறலும் போலி அச்சின் மங்கலும் நேராகப் பார்த்தால் தெரியாது.

பாடகர் குழுக்களை நடத்தும் பெரிய நிறுவனங்களில் எஸ்.எம். கட்டடம் சோங்சுவில், ஹைப் யோங்சானில், ஒய்.ஜி. ஹப்ஜோங்கில், ஜே.ஒய்.பி. கங்டோங்கில். போய்ப் பார்ப்பவர்கள் கண்ணாடிச் சுவரைத்தான் பார்க்கிறார்கள். அலுவலகத்துக்குள் விடமாட்டார்கள், ஹைப்பின் அருங்காட்சியகமும் 2023 ஜனவரியில் மூடிவிட்டது. ஒரு நாளை இதற்கு ஒதுக்குவது வீண் என்பேன்.

அதற்குப் பதில் காசுபோட்டுப் பாடும் நொரேபாங். ஆள் இருவர் உட்காரும் கண்ணாடி அறை, 1,000 வோனுக்கு மூன்று நான்கு பாட்டு. பாட்டுக்கெல்லாம் எண் உண்டு, பெயரைத் தேடினால் எண் வரும். ‘முன்பதிவு’ பொத்தான் வரிசையில் சேர்க்கும், ‘தொடங்கு’ உடனே ஓடவிடும், ‘ரத்து’ ஓடும் பாட்டை நிறுத்திவிடும். ரத்து செய்த பாட்டின் காசு திரும்பாது. கட்டை உச்சத்தில் இருந்தால் இரண்டு மூன்று படி இறக்கிக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள், அடுத்த அறையிலும் அதே கதைதான். பக்கத்திலேயே நான்கு படம் எடுக்கும் போட்டோ பூத்துகள். அச்சுப் படத்திலுள்ள கியூஆர் கோடு சில நாளில் காலாவதியாகிவிடும், அன்றிரவே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு: ஒலிம்பிக் பூங்கா

1988 ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கம்தான் இன்றைய கே.எஸ்.பி.ஓ. டோம், ஏறக்குறைய 15,000 பேர் கொள்ளும். 5, 9ஆம் தடங்களின் ஒலிம்பிக் பூங்கா நிலையம் பக்கம். கச்சேரி டிக்கெட்டில் ரசிகர் மன்ற உறுப்பினருக்கு முதல் நாள், பொதுமக்களுக்கு அடுத்து. வெளிநாட்டுக் கார்டை ஏற்கும் உலகளாவிய பக்கம் தனி. அதில் கணக்கும் பாஸ்போர்ட் பெயரும் ஒரு வாரம் முன்னாலேயே தயாராக இருக்கட்டும். விற்பனை தொடங்கும் நொடியில் உள்ளே நுழைந்தாலும் உங்களுக்கு முன்னால் பல்லாயிரம் பேர் என்று திரை சொல்லும். அங்கே பக்கத்தைப் புதுப்பித்தால் எண் போய்விடும், வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவீர்கள்.

லைட்ஸ்டிக்கை வெறும் விளக்கு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு ஏஏஏ பேட்டரி மூன்று. செயலியைத் திறந்து, அன்றைய கச்சேரியைத் தேர்ந்து, டிக்கெட்டிலுள்ள பகுதி, வரிசை, இருக்கை எண்ணைப் பதிந்து, புளூடூத்தில் இணைக்க வேண்டும். அதன் பிறகு நிறத்தை மேடைக் கட்டுப்பாட்டு அறை மாற்றும், அரங்கம் முழுக்க எழுத்தும் அலையும் வருவது அப்படித்தான். தேய்ந்த பேட்டரியானால் நடுவில் இணைப்பு அறுந்து உங்கள் இருக்கை மட்டும் கறுப்புப் புள்ளியாகும். மென்பொருளைப் புதுப்பிப்பதை வீட்டிலேயே முடியுங்கள், அரங்க வாசலில் அத்தனை போன்களுக்கு நடுவே இணைப்பு தவிக்கும். நண்பரோடு இருக்கை மாற்றினால் மறுபடி பதிய வேண்டும். கோஷம் எங்கே போட வேண்டும் என்பதற்கும் நிறுவனமே வழிகாட்டி வெளியிடும். மெதுவான பாட்டில் தன்னிச்சையாகக் கத்துபவரைச் சுற்றியுள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

திங்கள்: கியோங்போக், டேச்சி

கியோங்போக் அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, சாங்டோக் அரண்மனைக்குத் திங்கள். நுழைவு 3,000 வோன், கொரிய மரபு உடையான ஹன்போக் உடுத்தி வந்தால் இலவசம். புக்சோன் மரவீட்டுத் தெருக்களில் மக்கள் குடியிருக்கிறார்கள். நெரிசல் மிகுந்த பகுதியில் காலை 10 முதல் மாலை 5 வரைதான் பயணிக்கு அனுமதி, 2025 மார்ச் முதல் மீறினால் 1,00,000 வோன் அபராதம்.

சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்டியும் உலோகக் குச்சிகளும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். ஆளைக் கூப்பிட மேசையிலேயே மணி. தொடுகறிகள் தீர்ந்தால் மறுபடி தருவார்கள், காசில்லை. டிப்ஸ் பழக்கம் கிடையாது. தனியாகப் போனால் இறைச்சி சுடும் கடைகள் குறைந்தது இரண்டு பேர் அளவு வாங்கச் சொல்லும், குழம்புச்சோறு அல்லது கிம்பாப் கடைக்குப் போங்கள். சைவர்களுக்கு ‘கோகி ப்பேஜுசேயோ’, இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது. கிம்சியில் இறால் உப்பும் நெத்திலிச் சாறும் சேரும், சோயா விழுதுக் குழம்பின் தண்ணீரே நெத்திலியில் கொதித்தது. ஜோக்யே கோயில் சுற்றியுள்ள பௌத்த மடத்துச் சமையல் கடைகள் நம்பகமானவை, அங்கே பூண்டு வெங்காயமும் சேர்ப்பதில்லை. ஹலால் தேடுபவர்களுக்கு 1976-இல் திறந்த இட்டேவோன் பள்ளிவாசல் தெரு.

இரவு பத்து மணிக்கு டேச்சி பக்கம் போனால் இன்னொரு வரிசை தெரியும். சியோலில் ட்யூஷன் மையங்கள் பத்து மணிக்கு மூடியாக வேண்டும், அந்த நிமிடத்தில் பிள்ளைகளை ஏற்றப் பெற்றோரின் கார்கள் சாலையோரம் அடைத்து நிற்கும். நவம்பர் மாத வியாழனொன்றில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வின்போது, ஆங்கிலத்தைக் கேட்டு விடையளிக்கும் பகுதிக்காக 35 நிமிடம் நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. பன்னிரண்டு வயதில் பாடகராகப் பயிற்சி பெற நிறுவனத்துக்குப் போய் இரவு வரை ஆடும் பிள்ளையைப் பார்த்து வெளிநாட்டார் பதறுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. இந்தச் செலவையும் போட்டியையும் பார்த்தால், 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்று கருவள விகிதம் இறங்கியது அவ்வளவு புதிராகத் தோன்றாது. மறு ஆண்டு அது 0.75 ஆனதே இங்கே பெரிய செய்தி.

செவ்வாய்: திரும்பும் வழி

வாடகை வீட்டில் தங்கியவர்கள் குப்பையைச் சரியாகப் பிரிக்காமல் கிளம்பினால் வீட்டுக்காரருக்கு அபராதம் வரும். பொதுக் குப்பைக்கு அந்தந்த மாவட்டம் அச்சடித்த பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், பையின் விலையே குப்பை வரி. 1995 முதல் இந்த முறை. உணவுக் கழிவு தனி, ஆனால் எலும்பு, முட்டை ஓடு, வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை அதில் சேராது. அவை பொதுப் பையில்தான். உணவுக் கழிவு கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் போவதால், மாடோ பன்றியோ தின்ன முடியாதது அதில் வரக் கூடாது என்று நினைவில் வைத்தால் போதும்.

ஒரே கடையில் 15,000 வோனுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி வரியை அங்கேயே கழித்துக்கொள்ளலாம், எல்லாக் கடையிலும் அல்ல, வாசலில் அறிவிப்பு ஒட்டிய கடையில். டி-மணியில் மிச்சம் 20,000 வோனுக்குள் இருந்தால் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் 500 வோன் பிடித்துக்கொண்டு ரொக்கமாகத் தருவார்கள். கார்டு விலை திரும்பாது. லைட்ஸ்டிக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், பெட்டிக்குள் பொத்தான் அழுந்தி எரிந்துகொண்டே போகும். கொச்சுஜாங் மிளகாய் விழுதும் கிம்சியும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேற்பட்ட டப்பா கைப்பையில் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான், செக்-இன் பெட்டியில் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் போடுங்கள். கிம்சி வழியில் புளித்து ஊதும், ஆகவே பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டே வையுங்கள்.